கத்தி யார் கையில் இருந்தது?

நான் டாக்டர் இல்லை. வங்கியில் தணிக்கை வேலை பார்த்து ஓய்வு பெற்று, காரைக்குடியில் உட்கார்ந்திருப்பவன். ஆனால் இந்த இரண்டு மாதத்தில் அறுவை சிகிச்சை ஃபெலோஷிப் (பட்ட மேற்படிப்புக்குப் பிறகு எடுக்கும் சிறப்புப் பயிற்சி) நடத்தும் ஆஸ்பத்திரிகளின் வெப்சைட்டுகளை நான் படித்த அளவுக்கு எந்த சர்ஜனும் படித்திருக்க மாட்டார். காரணம் என் ஆச்சி மகன். (எங்கள் பக்கம் அக்காவை ஆச்சி என்போம்.) எம்.எஸ். ஜெனரல் சர்ஜரி முடித்துவிட்டு லேப்ராஸ்கோபியில், அதாவது சின்னத் துளை வழியாகக் கேமராவை விட்டுச் செய்யும் ஆபரேஷனில், மேற்பயிற்சிக்கு இடம் தேடுகிறான். "அம்மான், ஒங்களுக்குத்தான் பொழுது போகலையே, எல்லா எடத்தையும் ஒரு எக்செல்ல போட்டுக் குடுங்களேன்" என்றான்.

போட்டேன். பாதிக் கட்டம் காலி.

ஆஸ்பத்திரிக்கு எத்தனை மாடி, ரோபோ எந்த வருடம் வந்தது, தலைமை டாக்டர் யார் யார் கையால் விருது வாங்கினார், எல்லாம் இருக்கிறது. ஸ்டைபண்ட், அதாவது பயிற்சிக் காலத்துச் சம்பளம்? 'விதிமுறைப்படி'. எந்த விதி என்று இல்லை. வாரத்துக்கு எத்தனை இரவு டியூட்டி, இத்தனை காலம் இங்கேயே இருப்பேன் என்று பாண்டு எழுதித் தர வேண்டுமா, ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்வார்களா, மூச்சு இல்லை. ஒரு பக்கத்தில் 'விண்ணப்பிக்கக் கடைசி நாள்' என்று சிவப்பில் மின்னியது. இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி. இன்னோரிடத்தில் ஒரு பெரிய சர்ஜனிடம் கற்றுக்கொள்ளலாம் என்று இவன் ஆசையாகப் போன் செய்தால், அவர் அங்கிருந்து போய் ஒரு வருடம் ஆகிறதாம். வெப்சைட்டில் மட்டும் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

ஃபெலோஷிப் என்ற பெயரே ஒரு குழப்பம். மருத்துவத்துக்கான தேசியத் தேர்வு வாரியத்தின் எஃப்.என்.பி. (ஃபெலோ ஆஃப் நேஷனல் போர்டு) என்றால் நுழைவுத் தேர்வு எழுதி, இரண்டு வருடம் பயிற்சி எடுத்து, கடைசியில் பரீட்சையும் எழுத வேண்டும். பல்கலைக்கழகம் தரும் ஃபெலோஷிப் வேறு. ஆஸ்பத்திரியே அச்சடித்துக் கொடுப்பது வேறு. சில நாள் வகுப்பில் உட்கார்ந்து பெயருக்குப் பின்னால் சேர்த்துக்கொள்ளும் எழுத்துகளும் உண்டு. தாங்கள் தருவது இதில் எது என்று முதல் வரியிலேயே சொன்னால் என்ன குறைந்துவிடும்?

சரி, இதையெல்லாம் போன் போட்டாவது தெரிந்துகொள்ளலாம். நான் சண்டை போட நினைப்பது ஒரே ஒரு கட்டத்துக்காக. போன வருட ஃபெலோ தன் கையால் எத்தனை ஆபரேஷன் செய்தார்? நான் பார்த்த ஒரு பக்கத்திலும் இது இல்லை. 'ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில்' என்று போடுகிறார்கள். அது ஆஸ்பத்திரியின் கணக்கு. லேப்ராஸ்கோபியில் ஒருவர் கேமரா பிடித்தே ஆக வேண்டும். வருடம் முழுக்கக் கேமரா மட்டும் பிடித்தவனுக்கும், உள்ளே தையல் போட்டு முடிச்சிட்டவனுக்கும் ஒரே சர்டிபிகேட்தான். வித்தியாசம் பின்னால் தெரியும், நம்மூர் ஆஸ்பத்திரியில் ராத்திரி பதினோரு மணிக்கு, யாரோ ஒருவர் வயிற்றில்.

கணக்கு இல்லாமல் இல்லை. ஒழுங்காகப் பயிற்சி தரும் இடத்தில் லாக்புக் எழுதுகிறார்கள்: என்ன ஆபரேஷன், கூட நின்றாரா, மேற்பார்வையில் தானே செய்தாரா என்று. அதைக் கூட்டிப் போட ஒரு சாயங்காலம் போதும். அமெரிக்காவில் பொது அறுவைப் பயிற்சியை முடிக்கவே குறைந்தது 850 பெரிய ஆபரேஷன், அதில் 200 கடைசி வருடத்தில் என்று எண்ணி வைத்திருக்கிறார்கள். ஆனால் அதற்கு மேலே ஃபெலோஷிப் என்று வரும்போது, அங்கேயும் வெப்சைட்டுகளில் தேவையான விவரம் இல்லை என்று சர்ஜன்களே ஆராய்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நம் ஊர் வியாதி மட்டுமில்லை.

ஏன் போட மாட்டேன் என்கிறார்கள்? நானும் முதலில் சோம்பேறித்தனம் என்றுதான் நினைத்தேன். அப்புறம் அதே வெப்சைட்டில் நோயாளிகளுக்கான பக்கத்தைப் படித்தேன். 'உங்கள் அறுவை சிகிச்சையை அனுபவம் மிக்க மூத்த நிபுணரே செய்வார்.' ஃபெலோஷிப் பக்கத்தில்: 'நேரடிச் செய்முறை வாய்ப்பு ஏராளம்.' ஒரே பெண்ணை இரண்டு வீட்டுக்கும் பேசி முடித்த கதை. எண்ணிக்கையைப் போட்டால் இரண்டு வீட்டில் ஒன்று கேள்வி கேட்கும். மூத்தவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க இளையவர் செய்வதில் தப்பே இல்லை, எல்லா சர்ஜனும் அப்படித்தான் உருவானார்கள். அதைச் சொல்லக் கூச்சப்படுவதுதான் தப்பு.

எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் பர்மாவுக்கு வட்டிக்கடை ஏஜெண்டாகப் போனவர்கள் சம்பளச் சீட்டு எழுதிக்கொண்டுதான் கப்பல் ஏறினார்கள். எத்தனை வருடம், எவ்வளவு சம்பளம், எல்லாம் அதில் இருக்கும். பெரும்பாலும் மூன்று வருடக் கணக்கு. வட்டிக்கடைக்குப் போகிறவனுக்கே அவ்வளவு தெளிவு. இவனோ செட்டிநாட்டு வீட்டின் முகப்புத் தூணை மட்டும் பார்த்துவிட்டு உள்ளே போகிறவன் மாதிரிப் போகப் போகிறான். இரண்டாங்கட்டில் ஓடு இருக்கிறதா, சரிந்து கிடக்கிறதா, யாருக்குத் தெரியும்?

வெள்ளிக்கிழமை சென்னையில் இண்டர்வியூ. முந்தின நாள் விடிகாலையில் பல்லவன் ரயிலைப் பிடிக்கிறான். காலியாக இருக்கும் கட்டங்களை மட்டும் பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்திருக்கிறேன். "இதையெல்லாம் கேட்டா எடம் குடுப்பாகளா அம்மான்?" என்கிறான். ஆச்சி, "வாயை மூடிக்கிட்டுப் போயிட்டு வா அப்பச்சி" என்கிறாள். இந்த வழியில் போய்வந்த டாக்டர் நண்பர்கள் யாராவது சொல்லுங்கள்: இண்டர்வியூ மேஜையிலேயே கேட்டுவிடலாமா, இல்லை வெளியே வந்து கேண்டீனில் இப்போதைய ஃபெலோ யாரையாவது பிடித்துக் கேட்பதா?