மாமா குறை சொன்ன மனிதர்

மாமா போய் ஒரு மாதம் ஆகிவிட்டது. என் கணவரின் அப்பா. என் பிள்ளைகளுக்கு அவர் நோன்னோ. இத்தாலியர்கள் தாத்தாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

தேவாலயத்தில் அவரைப் பற்றிப் பேசிய எல்லோரும் சாப்பாட்டைப் பற்றியே பேசினார்கள். கோடை முடியும்போது கராஜில் கூடை கூடையாகத் தக்காளி அரைத்து, வருடம் முழுவதற்கும் சோஸ் போத்தல்களை நிரப்பி வைத்தது. நிலவறையில் வைன் போட்டது. குளிர் தொடங்கும் முன் அத்தி மரத்தை வளைத்து மண்ணுக்குள் புதைத்து, பனி போனதும் தோண்டி நிமிர்த்தியது. எல்லாம் உண்மை, கேட்கக் கேட்க அழுகை வந்தது. கடைசியாகப் பேசியவர், "ஒரு குறையும் சொல்லாமல் உழைத்த தலைமுறை" என்று முடித்தார். அதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

மாமா குறை சொன்னவர். உரத்துச் சொன்னவர். அதற்காகப் பட்டினியும் கிடந்தவர்.

இத்தாலியின் அப்ரூட்ஸோ மலைக் கிராமம் ஒன்றில் பிறந்து, 1957இல் பத்தொன்பது வயதில் கப்பலேறி, கனடாவில் ஹலிஃபாக்ஸின் பியர் 21 துறையில் இறங்கினார். அங்கிருந்து ரயிலில் ரொறன்ரோ. அண்ணன் ஏற்கெனவே வந்து வேலை செய்துகொண்டிருந்தார். இறங்கிய கிழமையே மாமாவும் கையில் மண்வெட்டியோடு கழிவுநீர்க் குழாய்க்குக் குழி வெட்டப் போய்விட்டார். ஆங்கிலத்தில் எண்கள்கூடத் தெரியாது. வெள்ளிக்கிழமை கொடுக்கும் காசோலை சிலவேளை வங்கியிலிருந்து திரும்பி வருமாம். கேட்கப் போனால் முதலாளியைக் காணக் கிடைக்காதாம்.

1960 மார்ச் 17 மாலை, ரொறன்ரோவின் வடக்கே ஹொக்ஸ் ஹாலோவில் டொன் ஆற்றுக்கு அடியில் தண்ணீர்க் குழாய்க்கான சுரங்கத்துக்குள் தீப்பிடித்தது. உள்ளே மாட்டிய ஐந்து பேர் இறந்தார்கள். ஐவரும் இத்தாலியிலிருந்து வந்த தொழிலாளர்கள். உள்ளே தீயணைக்க ஒரு கருவிகூட இருக்கவில்லை. இறந்தவர்களில் இருவர் உடன்பிறந்தவர்கள். மாமா அன்று நகரத்தின் வேறொரு பக்கத்தில் அண்ணனோடு ஒரே குழிக்குள் நின்று வேலை செய்துகொண்டிருந்தார். இந்தக் கதையை எத்தனையோ தடவை எனக்குச் சொல்லியிருக்கிறார். அந்தச் சகோதரர்களிடம் வரும்போது மட்டும் நிறுத்திவிட்டு, கோப்பி போட எழுந்து போய்விடுவார்.

அந்த வருடக் கோடையில் இத்தாலியக் கட்டுமானத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 1961இல் மறுபடியும். மாமா இரண்டிலும் இருந்தார். லொறிகளில் ஏறி ஒவ்வொரு வேலைத்தளமாகப் போய், மண்வெட்டியைக் கீழே போடும்படி மற்றவர்களைக் கேட்பார்களாம். பொலிஸ் பிடித்தது. நாட்டை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் வேறு. வீட்டில் கைக்குழந்தை, வாரக்கணக்கில் அவரைக் கொட்டையும் பாஸ்தாவும் மட்டும்தான் சாப்பாடு. ஒன்ராறியோ மாகாணத்தின் கட்டுமானப் பாதுகாப்புச் சட்டங்கள் இறுக்கப்பட்டது அதன் பிறகுதான். இன்று நம் பிள்ளைகள் தலைக்கவசத்தோடு கட்டடங்களில் ஏறுகிறார்கள் என்றால், அதில் இந்த மனிதர்களின் பட்டினி இருக்கிறது.

இதைச் சொல்லாமல் தக்காளியை மட்டும் சொன்னால் அது மாமா இல்லை.

நான் முதன்முதலாக அந்த வீட்டுக்குப் போன அன்று பயந்துகொண்டே போனேன். யாழ்ப்பாணத்துப் பெட்டை, வேறு நிறம், வேறு சமயம். மாமா என் ஊரையும் கேட்கவில்லை, சமயத்தையும் கேட்கவில்லை. வேலை எங்கே என்று கேட்டார். முதியோர் இல்லத்தில் என்றேன். "யூனியன் இருக்கிறதா?" அதுதான் அவருடைய இரண்டாவது கேள்வி. பின்னாளில், இரவு வேலையில் ஆள் பற்றாமல் முப்பது பேரை நான் தனியாகப் பார்த்துவிட்டு அழுதுகொண்டு வந்தபோது, முதலில் சூப்பைக் குடிக்க வைத்தார். அப்புறம் ஒரு கொப்பியை முன்னால் வைத்து, "ஃபில்யா, திகதி எழுது, மணி எழுது, யார் வரவில்லை என்று எழுது" என்றார். ஃபில்யா என்றால் மகளே என்று அர்த்தம். என் அப்பாவுக்குப் பிறகு என்னை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை.

அவருக்குப் புதுத் தொலைபேசி வாங்கிக் கொடுத்து, விரலடையாளம் பதிய என் மகள் அரை மணி நேரம் பாடுபட்டாள். ஒரு விரலும் பதியவில்லை. ரேகைகளைச் சீமெந்து தின்றுவிட்டிருந்தது. அவள் அந்தக் கையை விடாமல் நெடுநேரம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நம் வீடுகளிலும் இதைத்தான் செய்கிறோம். உணவகச் சமையலறையில் கோப்பை கழுவிய, தொழிற்சாலையில் இரவு வேலை செய்த நம் அப்பாக்களைப் பற்றி மரண அறிவித்தலில் "கஷ்டத்தை வெளியே காட்டாதவர்" என்று எழுதுகிறோம். புகழ்ச்சி என்று நினைத்துத்தான் எழுதுகிறோம். ஆனால் அவர்கள் யாரோடு சண்டை பிடித்தார்கள், எந்தச் சம்பளத்தைக் கேட்டு வாங்கினார்கள் என்பது அந்த வரியோடு அழிந்துபோகிறது.

அத்தி மரம் இன்னும் மண்ணுக்குள் இருக்கிறது. நவம்பரில் மாமா கதிரையில் போர்வையோடு இருந்து "பியானோ, பியானோ", மெதுவாக, மெதுவாக என்று சொல்லச் சொல்ல, என் கணவரும் மகளும்தான் புதைத்தார்கள். ஏப்ரலில் அவர்களே தோண்டுவார்கள்.

அதற்கு முன் மார்ச் 17 வருகிறது. யோர்க் மில்ஸ் சுரங்க ரயில் நிலையத்தில் அந்த ஐவரின் நினைவாகத் துணியில் தைத்த பெரிய படம் ஒன்று இருக்கிறது, 2010இல் வைத்தது. ஒவ்வொரு வருடமும் மாமா அதன் முன்னால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்பார். இந்த முறை நாங்கள் போகிறோம். மாலை ஐந்து மணிக்கு அங்கே இருப்போம். வரக்கூடியவர்கள் வாருங்கள்.