தோலும் சும்மா இருப்பதில்லை

பூச்சு, இன்ஹேலர் வகை ஸ்டீராய்டுகளை உடைப்பது கல்லீரலின் வேலை என்று, அம்மருந்துகளைப் பற்றிய உங்கள் கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது. பெரும்பங்கு அதற்குத்தான், மறுக்கவில்லை. ஆனால் பிரெட்னிகார்பேட் என்ற ஸ்டீராய்டு களிம்பை வீரியமுள்ள வடிவமாக மாற்றுவது தோலில் உள்ள எஸ்டரேஸ் நொதிகள். இன்ஹேலர் ஸ்டீராய்டான சிக்லிசோனைடும் நுரையீரலை அடைந்த பிறகே உயிர் பெறுகிறது. எனக்கு வியப்பூட்டுவது இன்னொரு இன்ஹேலர் ஸ்டீராய்டான பியூடெசோனைடு: காற்றுக்குழாய்த் திசு அதைக் கொழுப்பு அமிலத்தோடு பிணைத்துப் பதுக்கிவைத்து, பிறகு சிறிது சிறிதாக விடுவிக்கிறது. கஞ்சனின் கைச்செலவு போல!

இன்ஹேலரிலும் மூக்கு ஸ்பிரேயிலும் வரும் ஸ்டீராய்டான புளூட்டிகசோனைச் சிதைப்பது கல்லீரலின் சிஒய்பி3ஏ4 நொதி. எச்ஐவி மருந்தான ரிட்டோனவிர் அந்த நொதியை முடக்கிவிடும். அப்போது மூக்கில் அடிக்கும் ஸ்பிரேகூட உடலெங்கும் தேங்கி, சிலருக்குக் குஷிங் நோய்க்குறியை (ஸ்டீராய்டு மிகுதியால் முகம் உப்பி, உடல் பருக்கும் நிலை) கொண்டுவந்திருக்கிறது. இதையாவது கட்டுரையில் எச்சரித்திருக்கலாம்.