பட்டம் வேண்டாம் என்று மல்லுக்கு நின்றவர்

பதவிக்காகக் கோர்ட் படியேறியவர்கள் கதை நமக்கு நிறையத் தெரியும். தானாக வந்த பட்டத்தை வேண்டாம் என்று சொல்லிக் கோர்ட்டுக்குப் போய், அங்கே தோற்று, கடைசியில் சட்டத்தையே மாற்ற வைத்த ஒருவர் பிரிட்டனில் இருந்தார். லேபர் கட்சி அரசியல்வாதி டோனி பென். அவருடைய அரசியலில் எனக்கு ஒத்துவராதது பாதிக்கு மேல் இருக்கும், ஆனால் இந்த ஒரு சண்டைக்காகவே மனிதரை எனக்குப் பிடிக்கும்.

அப்பா வில்லியம் வெட்ஜ்வுட் பென், 1929 முதல் 1931 வரை பிரிட்டிஷ் அரசில் இந்தியாவைக் கவனித்துக்கொண்ட மந்திரி. இங்கே உப்புச் சத்தியாகிரகம் நடந்தபோது லண்டனில் அந்த நாற்காலியில் இருந்தவர் இவர்தான். 1942-இல் பிரபுக்கள் சபையில் லேபர் கட்சிக்கு ஆள் போதவில்லை என்று அவருக்கு ஸ்டான்ஸ்கேட் வைகவுண்ட் என்ற பரம்பரைப் பிரபு பட்டம் கொடுத்தார்கள். வாங்கிக்கொள்வதற்கு முன்னால் மூத்த மகன் மைக்கேலிடம் கேட்டாராம். அவன் பாதிரியாராகப் போக நினைத்தவன், ஆட்சேபம் இல்லை என்றான். இளையவன் டோனியிடம் யாரும் கேட்கவில்லை, எதற்குக் கேட்க வேண்டும்? ஆனால் 1944-இல் விமானப்படையில் இருந்த மைக்கேல் இறந்துபோனான். அப்போதே வாரிசுச் சுமை டோனி தலையில் விழுந்துவிட்டது.

அன்றைய சட்டம் கொஞ்சம் வினோதமானது. அப்பா கண்ணை மூடிய நொடியே மகன் பிரபு, 'எனக்கு வேண்டாம்' என்று சொல்ல வழியே கிடையாது, பிரபுவாகிவிட்டால் மக்கள் சபையில் இருக்கவும் முடியாது. டோனியோ 1950-லிருந்து பிரிஸ்டல் தென்கிழக்குத் தொகுதியின் எம்.பி. பட்டத்தைத் துறக்க 1955-லேயே ஒரு மசோதா போட்டுப் பார்த்தார், நடக்கவில்லை. 1960 நவம்பரில் அப்பா இறந்தார், எம்.பி. பதவி போயிற்று.

மனிதர் விடவில்லை. 1961 மே மாத இடைத்தேர்தலில் அதே தொகுதியில் மறுபடி நின்றார். தகுதி இல்லாத வேட்பாளர் என்று ஊருக்கே தெரியும், அப்படியும் ஜனங்கள் 23,275 ஓட்டுப் போட்டார்கள், எதிர்த்து நின்ற கன்சர்வேடிவ் மால்கம் செயின்ட் கிளேருக்கு 10,231. ஜெயித்துவிட்டு சபைக்குப் போனால் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். தேர்தல் நீதிமன்றம் தோற்றவருக்கே பதவியைத் தூக்கிக் கொடுத்தது. இதில் வேடிக்கை, அந்த செயின்ட் கிளேரும் வேறொரு பிரபு பட்டத்துக்கு வாரிசு வரிசையில் இருந்தவர். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும், சட்டம் மாறினால் விலகிவிடுவேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார், மாறியதும் விலகினார்.

1963 ஜூலை 31 மாலை ஆறு மணி சுமாருக்கு, பட்டத்தைத் துறக்க வழிவிடும் புதிய சட்டத்துக்கு ஒப்புதல் வந்தது. 6.22-க்கு டோனி பட்டத்தைத் துறந்தாயிற்று! நாட்டிலேயே முதல் ஆள். ஆகஸ்டில் இடைத்தேர்தல், மறுபடி எம்.பி.

இவர் வெட்டிய கிணற்றில் முதலில் தண்ணீர் குடித்த பெரிய ஆள் யார் தெரியுமா? எதிர்க்கட்சிக்காரர். ஹோம் பரம்பரையின் பதினான்காவது ஏர்ல் (இதுவும் ஒரு பிரபு பட்டம்தான்), அதே சட்டத்தை வைத்து அக்டோபரில் பட்டத்தை உதறிவிட்டு, சர் அலெக் டக்ளஸ்-ஹோம் என்ற பெயரில் பிரதமராகத் தொடர்ந்தார். மூன்று வருஷம் அலைந்தது லேபர்காரர், பலன் கன்சர்வேடிவ் கட்சிக்கு.

அப்புறம் டோனி போஸ்ட்மாஸ்டர் ஜெனரல், தொழில்நுட்பம், தொழில், எரிசக்தி என்று பல இலாகாக்கள் பார்த்தார், வயது ஏற ஏற இடதுபக்கம் நகர்ந்தார், 1981-இல் கட்சித் துணைத் தலைவர் தேர்தலில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் டெனிஸ் ஹீலியிடம் தோற்றார். கட்சியை அந்தக் காலத்தில் இரண்டுபடுத்தியதில் இவருக்குக் கணிசமான பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

'இரண்டு தாத்தாக்களும் எம்.பி., அப்பா எம்.பி., மகன் ஹிலாரி எம்.பி., மந்திரி, இது மட்டும் பரம்பரை இல்லையா?' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அந்தக் குடும்பத்தில் பிறந்ததே பாதி தேர்தல் பிரசாரம். ஆனால் அதிகாரத்தில் இருப்பவரைப் பார்த்து அவர் கேட்கச் சொன்ன கேள்வி வேறு: உங்களை வீட்டுக்கு அனுப்ப எங்களுக்கு வழி இருக்கிறதா? 1983-இல் பிரிஸ்டல்காரர்கள் அவரையே அனுப்பிவைத்தார்கள். அடுத்த வருஷம் செஸ்டர்ஃபீல்டில் ஜெயித்துத் திரும்பி வந்தார். ஒரு வைகவுண்ட்டுக்கு இந்தத் தோல்வி வரவே வராது, சரிதானே?

ஆனால் சட்டத்தில் ஒரு பொடி வைத்திருந்தார்கள். துறப்பது அவரவர் ஆயுளுக்கு மட்டும்தான், பட்டம் சாகாது. 2014 மார்ச்சில் டோனி இறந்ததும் அது மூத்த மகன் ஸ்டீபனிடம் போயிற்று. அவர் அதை வைத்துக்கொண்டார். 1999-இல் பரம்பரைப் பிரபுக்களில் பெரும்பாலோரைப் பிரபுக்கள் சபையிலிருந்து நீக்கியபோது அவர்களுக்கென்று மிச்சம் வைத்த 92 இடங்களில் ஒன்று காலியானபோது, 2021-இல் போட்டியே இல்லாமல் உள்ளே போனார். அப்பாவுக்கு 23,275 பேர் ஓட்டுப் போட்டும் கதவு திறக்காத அதே கட்டடம்தான்.