ஜப்பான் எழுத்தோடு ஓடும் நம்ம ரயில்

2018 பொங்கலுக்கு மெட்ராஸிலிருந்து சித்தப்பா மகன் வந்திருந்தான். வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்தவன். அறுபதுகளில் கப்பலேறிப் போன கிளை அவர்களுடையது, ரங்கூனிலேயே தங்கிவிட்ட கிளை எங்களுடையது. ஊரைச் சுற்றிக் காட்ட, ரங்கூனையே வட்டமடிக்கும் மியோபத் ரயிலைவிட மலிவான வழி ஏது? தலைக்கு 200 கியாட் டிக்கெட் எடுத்து, தாம்வே ஸ்டேஷனில் காத்திருந்தோம். வண்டி வந்து நின்றது. நெற்றியில் ஜப்பான் எழுத்து. "அண்ணே, இது அவங்க கழிச்சுப் போட்டதா?" என்றான். ஆமாம் என்றேன். சிரித்தான்.

போன வாரம் நம்ம ஆட்களே இரண்டு பேர் அதே சிரிப்பைச் சிரித்தார்கள். "ஓட்டை உடைசல்", "பழைய இரும்பு" என்று. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய வண்டி என்பதில் எனக்கு வெட்கமே இல்லை. 2003 முதல் ஜப்பானிலிருந்து பழைய டீசல் வண்டிகள் இங்கே வந்திருக்கின்றன. ரயில்வே ஆட்கள் அவற்றை ஆர்பிஇ, அதாவது ரயில் பஸ் எஞ்சின், என்பார்கள். கிஹா 40 என்ற வகை 1977க்கும் 1982க்கும் இடையில் கட்டியது, பனி கொட்டும் வடக்குத் தீவான ஹொக்கைடோவிலும் ஓடியது. கிஹா 141 சப்போரோ பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. 2012இல் அந்தப் பாதைக்கு மின்சாரம் வந்ததும் அதற்கு வேலை போனது, நம்மிடம் வந்தது. வேலை போனதே ஒழிய உயிர் போகவில்லை.

வந்ததை அப்படியே தண்டவாளத்தில் வைத்துவிடவும் முடியாது. ஜப்பானில் இவை ஓடிய பாதையின் அகலம் 1067 மில்லிமீட்டர். நமக்கு 1000, மீட்டர் கேஜ். வித்தியாசம் மூன்று விரல்கடைதான், ஆனால் அதற்காக ஒவ்வொரு அச்சிலும் சக்கரங்களை உள்ளே தள்ளிப் பொருத்த வேண்டும். அப்புறம் வாசல். அங்கே பிளாட்பாரம் உயரம். இங்கே பல ஸ்டேஷன்களில் பிளாட்பாரம் முழங்கால் உயரம்கூட இருக்காது. படி வைக்காவிட்டால் யாரும் ஏற முடியாது. இதையெல்லாம் செய்தது நம்ம பட்டறை ஆட்கள். ஒட்டுப்போட்ட வண்டி என்று சிரிப்பவர்கள், அந்த ஒட்டைப் போட்ட கையையும் கொஞ்சம் நினைக்கலாம்.

எழுத்தை மட்டும் அழிக்காமல் விட்டார்கள். முகப்பில் "வன்மான்" என்று இருக்கும் பாருங்கள், அது ஒன் மேன் என்பதன் ஜப்பானிய உச்சரிப்பு. கண்டக்டர் இல்லை, டிரைவர் ஒருவரே எல்லாம் பார்த்துக்கொள்வார் என்று பொருள். நம்ம வண்டியில் கார்டு உண்டு, டிக்கெட் பார்ப்பவர் உண்டு, வெற்றிலை விற்பவர் உண்டு, காடை முட்டை விற்பவர் உண்டு. ஒன் மேனாம்!

சரி, குறையே இல்லையா? இருக்கிறது. ஆனால் அது வயதில் இல்லை, வகையில். ஹொக்கைடோ கம்பெனியிடம் கொஞ்சம், கிழக்கு ஜப்பான் கம்பெனியிடம் கொஞ்சம், அங்குள்ள குட்டிக் கம்பெனிகளிடம் ஒன்றிரண்டு என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்தார்கள். கிஹா 38 என்ற வகையை ஜப்பானிலேயே மொத்தம் ஏழுதான் கட்டினார்கள். அதிலும் ஐந்து இங்கே வந்தன. அதற்கு ஒரு பாகம் தேய்ந்தால் எந்தக் கடையில் போய்க் கேட்பது? ஒன்றைப் படுக்க வைத்துத்தான் இன்னொன்றை எழுப்ப வேண்டும். நூறு வண்டி வாங்குங்கள், பழசாகவே வாங்குங்கள், ஆனால் இரண்டே வகையாக வாங்குங்கள் என்பதுதான் என் கட்சி.

வேகத்தைப் பற்றி நான் அதிகம் அலட்டிக்கொள்வதில்லை. நாங்கள் போன 2018இல் 46 கிலோமீட்டர், 39 ஸ்டேஷன், ஒரு சுற்றுக்கு மூன்று மணி நேரம் ஆனது. பாதையும் சிக்னலும் பழசாக இருக்கும்போது டோக்கியோவின் புத்தம்புது வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் அதுவும் ஊர்ந்துதான் போகும். 2015இல் ஜப்பான் கடன் கொடுத்தது சிக்னல் சீரமைப்புக்கும் சேர்த்துத்தான். அது சரியான முடிவு. 2021இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

புது வண்டி வேண்டும் என்பவர்களிடம் எனக்கு ஒரே கேள்வி. டன்யிங்கோன் காய்கறிச் சந்தை வழியாக இந்தப் பழைய வண்டியில் போயிருக்கிறீர்களா? தம்பியோடு போன அன்று அங்கே வண்டி நின்றதும், ஆள் ஏறுவதற்கு முன்னால் மூட்டைதான் ஏறியது. ஜன்னல் வழியாக புளிச்சகீரைக் கட்டு, வாசல் வழியாகக் கூடை, முகத்தில் தனக்கா என்ற மரப்பட்டைச் சாந்து பூசிய பொம்பளைகள். நீளவாக்கில் போட்ட இருக்கை என்பதால் நடுவில் தாராளமாக இடம். ஐந்து நிமிடத்தில் அங்கே ஒரு சின்னச் சந்தையே உட்கார்ந்து, கீரையை ஆய்ந்து, சின்னச் சின்னக் கட்டாகக் கட்டத் தொடங்கிவிட்டது. டவுனுக்கு வருவதற்குள் சரக்கு விற்பனைக்குத் தயார். இந்தப் பயண நேரம் அவர்களுக்கு வீண் நேரம் இல்லை, வேலை நேரம். ஏசி போட்டு, ஜன்னலை மூடி, இரண்டிரண்டு பேராக உட்காரும் சீட் போட்டால் இந்தக் கூடைகள் எங்கே போகும்? பஸ்ஸில் ஏற்றவா போகிறார்கள்? இந்தக் கணக்கு யார் திட்டத்திலாவது இருந்தால் காட்டுங்கள், என் வாதத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ஒரு அம்மா, கேட்காமல் கொள்ளாமல் தம்பி மடியில் ஒரு கீரைக் கட்டை வைத்துவிட்டு மற்றதை அடுக்கப் போனார். பர்மியச் சொல் ஒன்றுகூடத் தெரியாத அவன் மிங்கலாடோன் தாண்டும் வரை அதைக் கைக்குழந்தை மாதிரி பிடித்துக்கொண்டிருந்தான். திரும்ப வாங்கும்போது அந்த அம்மா ஒரு ஆரஞ்சைக் கொடுத்தார்.

"உங்க பீச்-தாம்பரம் லைனும் 2004 வரைக்கும் மீட்டர் கேஜ்தானேடா" என்றேன். அவன் காதில் விழவில்லை, உரித்துக்கொண்டிருந்தான்.

ஊருக்குப் போன பிறகு அந்தப் பயணத்து போட்டோ ஒன்றை வாட்ஸ்அப்பில் போட்டிருந்தான். வண்டி முகப்பு, ஜப்பான் எழுத்து, பக்கத்தில் கறுப்புக் கண்ணாடியோடு இவன். கீழே எழுதியிருந்தது: "ஜப்பானில் நான்."