பேசாதது போன், பழி ஆஸ்டெரிஸ்க்குக்கு

அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். திருநெல்வேலி வண்ணாரப்பேட்டைக் கூட்டத்தில் அண்ணாச்சி மைக்கைப் பிடித்து, "ஓசி சாப்ட்வேரை நம்பினேன், ஆபீஸ் முழுக்கப் போன் ஊமையாக் கெடக்கு" என்று சொன்னது, கீழே இருந்தவர்கள் கைதட்டியது, தட்டியவர்களில் என்னை வைத்தே ஆபீஸ் போன் மாட்டிக்கொண்டவர்கள் இருந்தது, எல்லாம் பார்த்தாகிவிட்டது.

சரி. அவர் திட்டிய அந்த ஓசி சாப்ட்வேர்தான் ஆஸ்டெரிஸ்க், ஒரு கம்ப்யூட்டரையே ஆபீஸ் எக்ஸ்சேஞ்ச் ஆக்குவது. அது ஊமையாகவில்லை. அந்த மேஜைப் போன்கள்தான் ஊமையாகிவிட்டன. அவை டிஜிட்டல் போன்கள். நெட்வொர்க் கேபிளில் ஓடும் ஐபி போனும் இல்லை, சாதாப் போனும் இல்லை. பழைய இபிஏபிஎக்ஸ் என்கிற ஆபீஸ் எக்ஸ்சேஞ்ச் பெட்டியைத் தவிர வேறு எதனிடமும் பேசக்கூடாது என்றே செய்து விற்றவை. அந்த இபிஏபிஎக்ஸைக் கழற்றி காயலான் கடைக்கு அனுப்பிவிட்டு, போனை மட்டும் மேஜையில் வைத்திருந்தால் அது யாரிடம் பேசும்?

சாதாப் போன் என்றால் இரண்டு வயர், சும்மா இருக்கும்போது 48 வோல்ட் டிசி, மணி அடிக்கும்போது சுமார் 75 வோல்ட் ஏசி. எந்தக் கம்பெனி போனை எந்த லைனில் செருகினாலும் டயல் டோன் வரும். ஆஸ்டெரிஸ்க் சர்வரோடு சாதாப் போனை இணைக்கிற ஏடிஏ என்கிற சின்னப் பெட்டி தருவதும் இதே லைனைத்தான். டிஜிட்டல் போனுக்கும் பெரும்பாலும் அதே இரண்டு வயர்தான், அதே பிளக்தான். ஆனால் உள்ளே ஓடுவது வேறு. குரல் போனுக்குள்ளேயே எண்களாக மாறிவிடும். பட்டன் அழுத்துவது, சிவப்பு லைட் எரிவது, திரையில் பெயர் வருவது எல்லாமே டேட்டா. அதை எப்படி அனுப்புவது என்பதைக் கம்பெனிக்குக் கம்பெனி தனித்தனியாக வைத்துக்கொண்டார்கள். நார்டெல்லுக்கு டிசிஎம், அவாயாவுக்கு டிசிபி. ஒன்றின் போன் மற்றதில் ஓடாது. ஏடிஏவில் செருகினால் திரைகூட எரியாது.

"எங்க ஆபீஸ்ல ஒரே சாக்கெட்ல ரெண்டு போனும் ஓடுதே" என்று ஒருவர் கமெண்டில் எழுதுவார், தெரியும். அது பானாசோனிக் ஹைப்ரிட் போர்ட்டாக இருக்கும். அதில் நடு ஜோடி வயரில் சாதா லைனும், வெளி ஜோடியில் டிஜிட்டலும் வரும். அந்த வசதியை வைத்தது எக்ஸ்சேஞ்ச், போன் இல்லை.

அப்போ ஆஸ்டெரிஸ்க் மேல் என்ன தப்பு? 1999-லிருந்து அதன் புரோகிராம் கோடு யாரும் பார்க்கும்படி திறந்தே கிடக்கிறது. ஐபி போன்களின் பொது மொழியான சிப் (SIP) பேசும், டெலிபோன் கம்பெனிகளின் டிஜிட்டல் லைனான பிஆர்ஐ பேசும். நார்டெல்லின் ஐபி போன்களுக்கான யூனிஸ்டிம் வரைக்கும் யாரோ உட்கார்ந்து எழுதிச் சேர்த்தார்கள். ஐஎஸ்டிஎன் என்கிற வகை டிஜிட்டல் போனைக்கூட, அது பொதுத் தரம் என்பதால், அதற்கான கார்டு போட்டு இணைக்கலாம். மூடி வைத்தவர்களைக் கேட்காமல் திறந்து வைத்தவனைத் திட்டுவது என்ன நியாயம்?

அண்ணாச்சிக்கு இதையெல்லாம் நான் நேரிலேயே சொன்னேன். கொட்டேஷன் கேட்டார், போய்ப் பார்த்தேன். போன் வயர்கள் எல்லாம் வந்து சேரும் குரோன் பெட்டியைத் திறந்தால் ஒவ்வொரு ஜோடியிலும் பால்பாயிண்டில் எழுதிய சீட்டு ஒட்டியிருந்தது, அவ்வளவு சுத்தமான வயரிங். "எக்ஸ்சேஞ்சைக் கழற்றாதீங்க அண்ணாச்சி, அதுல ஒரு பிஆர்ஐ கார்டு போட்டு ஆஸ்டெரிஸ்க் சர்வரோட கட்டிடலாம், பிஆர்ஐ ஓடுற ஒரு இ1 லைன்ல 30 பேர் ஒரே நேரத்துல பேசலாம், போன் எல்லாம் அப்படியே இருக்கட்டும்" என்றேன். "ஒன்றை அழுத்தவும்" என்று பேசும் ஐவிஆர், ரெக்கார்டிங், இன்டர்நெட் வழியாக வெளியே பேசும் சிப் டிரங்க் எல்லாவற்றையும் சர்வர் பார்த்துக்கொள்ளும். இல்லையென்றால் கையிலிருக்கும் போன் மாடலுக்கு என்றே செய்த கேட்வே, அதாவது அதன் மொழியை மாற்றிக் கொடுக்கும் பெட்டி, தேட வேண்டும். சிடெல் போன்ற கம்பெனிகள் அப்படிச் செய்தன. போர்ட்டுக்குப் போர்ட் காசு, இப்போது தேடிப்பிடிப்பதும் கஷ்டம். மூன்றாவது வழி, எல்லாவற்றையும் ஐபி போனாக மாற்றுவது. அதற்கு நெட்வொர்க் கேபிளைப் புதிதாக இழுக்க வேண்டும், 100 மீட்டருக்கு மேல் போனால் நடுவில் ஸ்விட்ச் வைக்க வேண்டும். பின்பக்கக் குடோன் அதைவிடத் தூரம்.

அண்ணாச்சி சிரித்தார். "நீ நம்ம பாளையங்கோட்டைப் பையன்தானவே, மெட்ராஸ்ல இருந்து ஒரு பெரிய பார்ட்டி வாராக" என்றார். வந்தார்கள். ஏடிஏக்களை அடுக்கிவிட்டுப் பில்லை வாங்கிக்கொண்டு போனார்கள். காசு வாங்கியவரைப் பற்றி மேடையில் ஒரு வார்த்தை இல்லை. காசே கேட்காத மென்பொருளுக்குத்தான் அத்தனை திட்டும்.

"நீயும் இதுல சம்பாதிக்கிறவன்தானே, அதான் குதிக்கே" என்பீர்கள். ஆமாம், சம்பாதிக்கிறேன். ஐபி போனும் விற்கிறேன். எல்லாவற்றையும் மாற்றுங்கள் என்றிருந்தால் எனக்குத்தான் அதிக லாபம். மாற்ற வேண்டாம் என்று சொன்னவனைப் பார்த்தா இந்தக் கேள்வி?

"எல்லார் கையிலயும் செல்போன் இருக்கு, மேஜைப் போன் எதுக்கு?" இதற்குப் பதில் சொல்லவே தோன்றவில்லை. ஆனாலும் சொல்கிறேன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஜங்ஷன் பக்கம் முழுகிக் கிடந்தபோது நான் ஒரு ஆஸ்பத்திரி மாடியில் மாட்டிக்கொண்டேன். செல்போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. முதல் மாடியில் இருந்த பழைய எக்ஸ்சேஞ்ச் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. நைட் டியூட்டி சிஸ்டர் கீ போனில் லைட் எரிந்த பட்டனைத் தட்டி, இரண்டாம் மாடியில் ஆக்சிஜன் சிலிண்டர் எத்தனை மிச்சம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். பட்டனுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக்குக்கு அடியில் "ஐசியூ" என்று எழுதிய சீட்டு மஞ்சளாகிப் போயிருந்தது. அந்தப் போனைப் பழைய இரும்பு என்று எவனாவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அதற்காக அது ஏடிஏவில் ஓடும் என்று பொய் சொல்லவும் மாட்டேன்.

இந்த ஊரில் ஐப்பசி இடிக்கு எக்ஸ்டென்ஷன் கார்டு போனால் ராத்திரியில் குடை பிடித்துக்கொண்டு வருவது உள்ளூர்ப் பையன்தான். மெட்ராஸ் பார்ட்டி வராது. அவன் சொல்வதை மட்டும் யாரும் கேட்கமாட்டார்கள். கைதட்டியவர்களே, உங்கள் ஆபீஸில் ரிசப்ஷன் போனை யார் மாட்டியது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் "சூப்பர் தம்பி" என்று போட்டவர்கள்தான் நீங்கள்.

அண்ணாச்சி இதைப் படிப்பார், யாராவது காட்டுவார்கள். பழைய எக்ஸ்சேஞ்ச் காயலான் கடையில் இன்னும் உடைபடாமல் இருக்கிறதா என்று முதலில் ஆள் அனுப்பிப் பாருங்கள். கார்டுகளோடு கிடைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அந்த ஏடிஏக்களையும் தூக்கிப் போட வேண்டாம், நல்ல பெட்டிகள்தான். குடோனுக்கும் வாட்ச்மேன் அறைக்கும் சாதாப் போன் வாங்கி அதில் செருகினால் ஓடும். கமெண்டில் வந்து "ஓசி" என்று எழுதுகிறவர்களை பிளாக் பண்ணிவிடுவேன், இப்போதே சொல்லிவிட்டேன்.