இம்ப்ரூவ்மெண்ட்னா எதுல?

போன சனிக்கிழமை பொண்ணு ஸ்கூல்ல பேரண்ட்ஸ் மீட்டிங். மூணாவது படிக்கிறா. ரேங்க் கார்டுல மேத்ஸுக்கு நேரா சிவப்பு மையில ‘நீட்ஸ் இம்ப்ரூவ்மெண்ட்’. எதுல டீச்சர்னு கேட்டேன். நோட்டை பிரிச்சு காட்டுனாங்க, கடன் வாங்கி கழிக்கிறதுல நடுவுல சைபர் வந்தா தடுமாறுறா, 503ல 267 போனா 236 வரணும், இவ 246ன்னு போட்டிருக்கா, சைபர் பத்தாகி பக்கத்துக்கு ஒண்ணு கொடுத்ததும் ஒன்பதாயிடும்ங்கிறத மறந்துடுறா. அவ்ளோதாங்க, மத்ததெல்லாம் நல்லா போடுறான்னாங்க. அன்னிக்கு ராத்திரியே உக்காந்து சொல்லிக் கொடுத்தேன். நான் கேக்காம வந்திருந்தா பிள்ளைக்கு கணக்கே வராதுன்னு நெனச்சு டியூஷன் தேடியிருப்பேன்.

இந்த வார்த்தைய பத்தி ரெண்டு வருஷமா எழுதணும்னு இருக்கேன். அப்பா ஐசியூல இருந்தப்போ தினம் காலைல 11 மணிக்கு டாக்டர் வெளிய வருவார், ஒரு நிமிஷம் பேசுவார், “ஸ்லைட் இம்ப்ரூவ்மெண்ட் இருக்கு” அவ்ளோதான். அத வாங்கிட்டு வந்து சொந்தக்காரங்க அத்தனை பேருக்கும் போன் போட்டு சொல்லுவோம், அந்த ஒரு வார்த்தைக்காகவே அம்மா அன்னிக்கு ரெண்டு இட்லி சாப்பிடுவாங்க. என்ன இம்ப்ரூவ்மெண்ட்னா கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற கிரியாட்டினின் 4.1ல இருந்து 3.9க்கு வந்திருக்கு. டாக்டர் பொய் சொல்லல, ரிப்போர்ட்ல குறைஞ்சுதான் இருந்துச்சு. ஆனா அப்பா வென்டிலேட்டர்லதான் இருந்தார்.

ஆறாவது நாள் அங்க வேலை பார்த்த ஆயாம்மா அம்மா கைய பிடிச்சுக்கிட்டு, “நேத்துக்கு இன்னைக்கு தேவலைன்னு சொல்ல முடியலம்மா, கூப்பிட்டா கண்ணு தெறக்கல, ஊர்லருந்து வரவேண்டியவங்கள வரச் சொல்லிடுங்க”ன்னாங்க. அதுக்கப்புறம்தான் கோயம்புத்தூர்ல இருக்கிற அக்காவுக்கு சொன்னோம், அவ வந்து ரெண்டு நாள் அப்பா பக்கத்துல நின்னா. பத்தாவது நாள் அப்பா போயிட்டார்.

நம்ம ஆளுங்க ‘தேவலை’ன்னு சொன்னா கூடவே ‘நேத்துக்கு’ன்னு ஒண்ணு வந்து நிக்கும், எதோட வெச்சு பார்த்து சொல்றோம்னு தெரிஞ்சிடும். ‘தேறிட்டார்’னா ஆளு எழுந்து உக்காந்துட்டார்னு அர்த்தம். ரிப்போர்ட் தேறிடுச்சுன்னு யாராவது சொல்லி கேட்டிருக்கீங்களா? மனுஷன்தான் தேறணும். டாக்டருங்க யாராவது இத படிச்சா தயவு செஞ்சு எது குறைஞ்சிருக்கு, எது அப்படியே இருக்குன்னு ரெண்டு வாக்கியமா சொல்லுங்க, நாங்க தாங்கிக்குவோம்.

அப்புறம்தான் இந்த இம்ப்ரூவ்மெண்ட்ங்கிற சொல் எங்கருந்து வந்துச்சுன்னு தேடி படிச்சேன். பழைய பிரெஞ்சுல லாபத்துக்கு ஒரு சொல் இருக்கு, அதுலருந்து கிளைச்சு இங்கிலீஷுக்கு போனது. லாபம் வர்ற மாதிரி ஆக்குறதுதான் முதல் அர்த்தம். இங்கிலாந்துல ஊருக்கே பொதுவா கிடந்த மேய்ச்சல் நிலத்த வேலி போட்டு வளைச்சுக்கிட்டு நிலச்சொந்தக்காரங்க அதுக்கும் இம்ப்ரூவ்மெண்ட்னுதான் சொன்னாங்க. நெலம் இம்ப்ரூவ் ஆச்சு, மாடு மேய்ச்சவனுக்கு எடம் போச்சு.

நான் பொறந்து வளர்ந்தது சென்னை சிஐடி நகர். சிஐடின்னா போலீஸ்னு சின்ன வயசுல நெனச்சுட்டிருந்தேன், அது சிட்டி இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட்! 1961ல வீட்டு வசதி வாரியம் வர்றதுக்கு முன்னாடி இங்க மனை பிரிச்சு வீடு கட்டிக் கொடுத்தது அவங்கதான். அந்த இம்ப்ரூவ்மெண்ட்ல எங்க தாத்தாவுக்கு ஒரு வீடு கிடைச்சுது, அந்த நன்றி எனக்கு எப்பவும் உண்டு. ஆனா இதே ஊர்ல 1971ல குடிசைப் பகுதிகளுக்குன்னு ஒரு சட்டம் வந்துச்சு, அதோட பேர்லயே இம்ப்ரூவ்மெண்ட், கிளியரன்ஸ் ரெண்டு சொல்லும் பக்கத்து பக்கத்துல இருக்கு. இருந்த எடத்துலயே ரோடு, தண்ணி, கக்கூஸ் கொண்டு வர்றதும் அந்த சட்டத்துலதான், காலி பண்றதும் அதுலதான். குடிசை மாற்று வாரியம்கிற பேர 2021ல நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்னு மாத்துனாங்க, இப்ப மேம்பாடு பேர்லயே இருக்கு. சரி, யாருக்கு மேம்பாடு, எவ்ளோ மேம்பாடுன்னு அந்த வாரிய வீடுகளுக்கு குடி போனவங்கள கேட்டுத்தானே தெரிஞ்சுக்கணும்?

எங்க தெருவுல பூ விக்கிற அக்கா சைதாப்பேட்டை ஆத்தோரம் இருந்தவங்க. 2015 வெள்ளத்துக்கப்புறம் ஊருக்கு வெளிய பெரும்பாக்கத்துல வீடு கொடுத்தாங்க. இப்பவும் பஸ் பிடிச்சு இங்கதான் வர்றாங்க, வாடிக்கை எல்லாம் இந்த பக்கம். போன வாரம் முழம் போடும்போது கேட்டேன், அங்க எப்படிக்கா இருக்குன்னு. விரல்ல நூல சுத்திக்கிட்டே யோசிச்சு சொன்னாங்க, “மழை வந்தா பயம் இல்ல, கதவ சாத்திட்டு தூங்கலாம், அது தேவலை. பஸ்ஸுக்கே மூணு மணி நேரம் போவுது, பெரியவன் ஸ்கூல நிறுத்திட்டான், அத எப்படி தேவலைன்னு சொல்லுவேன்.” சொல்லிட்டு ரெண்டு முழத்தோட கூட கொஞ்சம் கதம்பம் வெச்சு கொடுத்தாங்க, பாப்பாவுக்குன்னு.