மண்வள அட்டையில் காரீயம் தெரியாது

பழைய பேட்டரியை உருக்கிக் காரீயம் (லெட்) எடுக்கும் பட்டறைக்குப் பக்கத்து ஊர்களில் மண் கெட்டிருக்கிறதா என்று கேட்டால், உரக் கணக்குக்காக அரசு தருகிற மண்வள அட்டையை நீட்டுகிறார்கள். அதில் உள்ள 12 இனங்களில் துத்தநாகம் உண்டு, தாமிரம் உண்டு, காரீயம் கிடையாது. (ரசம் வைக்கிற ஈயச் சொம்பு வெள்ளீயம், அது வேறு.) காரீயம் வேண்டுமென்று தனியாக எழுதிக் கொடுத்தால்தான் ஆய்வகம் பார்க்கும்.

அதைவிடப் பெரிய தப்பு மண் எடுப்பதிலேயே நடக்கிறது. உரத்துக்கு எடுப்பது மாதிரி 15 செ.மீ. ஆழத்துக்குக் குழி வெட்டுகிறார்கள். உலைப் புகையில் வந்து படிகிற காரீயம் மேல்மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், எளிதில் கீழே இறங்காது. மேல் 3 செ.மீ.யில் கிலோவுக்கு 900 மில்லிகிராம், அடியில் 30 என்று வையுங்கள். சேர்த்துக் கலக்கினால் 204 என்று வரும். பிள்ளை கையில் ஒட்டுவதோ அந்த 900. உழுத வயலுக்கு 15 செ.மீ. சரி, வாசலுக்கும் பள்ளிக்கூட மைதானத்துக்கும் சரியில்லை.

அங்கெல்லாம் மேல் 2, 3 செ.மீ. மட்டும், ஒரே இடத்தைச் சுற்றிப் பத்துப் புள்ளிகளில் சுரண்டி ஒன்றாகக் கலக்க வேண்டும். நிழலில் உலர்த்தி, 150 மைக்ரான் சல்லடையில் சலிக்கச் சொல்லுங்கள். விரலில் ஒட்டி வாய்க்குப் போவது அந்த நைசு மண்தான். துத்தநாகமும் பார்ப்பதென்றால் துத்தநாகம் பூசிய தகடு வாளியில் மண் எடுக்கக் கூடாது. ஆடிக் காற்று மேற்கு, தென்மேற்கிலிருந்து அடிக்கும், மார்கழியில் வடகிழக்கிலிருந்து வாடை. அதனால் பட்டறைக்கு வடகிழக்கிலும் தென்மேற்கிலும் எடுக்க வேண்டும். ஒப்பிட, தள்ளியுள்ள ஊர் மண்ணும் வேண்டும், செவலுக்குச் செவல், கரிசலுக்குக் கரிசல். பட்டறையில் வேலை பார்ப்பவர் சட்டையை உதறுகிற திண்ணையோரத்தை விட்டுவிடாதீர்கள். கையடக்க எக்ஸ்ரே கருவியில் ஈர மண்ணைப் பார்த்தால் அளவு குறைத்துக் காட்டும்.

எனக்கு ஆத்திரம் வருவது மண் ஆய்வு அறிக்கையின் கடைசிப் பக்கத்தில்தான். 'அபாயக் குறியீடு 1-க்குக் கீழ், பாதிப்பில்லை' என்று முடித்துவிடுகிறார்கள். உடம்புக்குள் போகிற அளவைப் பாதுகாப்பான வரம்பால் வகுத்தால் வருவதுதான் இந்தக் குறியீடு. அந்தக் கணக்கில் காரீயத்துக்கு வரம்பாகப் போடுகிற, உடல் எடை கிலோவுக்கு நாளுக்கு 0.0035 மில்லிகிராம் எங்கிருந்து வந்தது? உடல் எடை கிலோவுக்கு வாரம் 25 மைக்ரோகிராம் என்ற சர்வதேச நிபுணர் குழுவின் பழைய வரம்பை ஏழால் வகுத்தது. அந்த அளவு பாதுகாப்பில்லை என்று 2010-லேயே அந்தக் குழு அதைக் கைவிட்டுவிட்டது. கைவிட்ட எண்ணை வைத்துப் பிள்ளைகளுக்கு ஆபத்தில்லை என்று எழுதுவது நியாயமே இல்லை. குடியிருப்பு மண்ணுக்கு அமெரிக்கா கிலோவுக்கு 400 மில்லிகிராம் என்று வைத்திருந்த எச்சரிக்கை அளவை 2024-ல் 200 ஆக இறக்கியது. வாசல் மண்ணை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மண் கணக்கோடு நிற்கவும் கூடாது. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ரத்தத்தில் காரீயம் பார்க்க வேண்டும், அதுவும் நரம்பில் எடுத்த ரத்தத்தில். விரலில் குத்தி எடுத்தால், தோலில் இருக்கிற தூசியே அளவைக் கூட்டிவிடும். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் வந்தாலே எங்கிருந்து வருகிறதென்று தேடித் தடுக்க வேண்டும் என்கிறது 2021-ல் வந்த உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதல். சோதனை முடிவு வரும்வரை திண்ணையை ஈரத்துணியால் துடையுங்கள், விளக்குமாற்றால் பெருக்கினால் தூசி எழும்பும். சாப்பாட்டுக்கு முன்னால் பிள்ளைகளுக்குச் சோப்புப் போட்டுக் கை கழுவிவிடுங்கள்.